பட்டாளத்தார் கூண்டுச் சாவி

பிள்ளைகளே,

நம் பேரூராட்சிப் பராமரிப்புப் பிரிவு அறைக்குள் நுழைந்ததும் வலது கைப்பக்கம் ஒரு பலகை இருக்கிறது. அதில் ஆணி அடித்துச் சாவிகளை மாட்டியிருக்கிறோம். தண்ணீர்த் தொட்டி, மோட்டார் அறை, சந்தைக் கேட் என்று ஒவ்வொரு ஆணிக்கும் மேலே பெயிண்டில் எழுதியிருக்கும். கடைசி ஆணிக்கு மேலே மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அதில் பச்சை நூல் கட்டிய ஒரு சின்னச் சாவி தொங்குகிறது.

உங்களோடு வேலைக்குச் சேர்ந்த என் மகள் போன வாரம் வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "ஏனப்பா, அந்தக் கடைசிச் சாவி எதுக்கு? யாரக் கேட்டாலும் உங்கப்பாகிட்டயே கேட்டுக்கோன்னு சொல்றாங்க."

வாயால் சொன்னால் அது அவளோடு நின்றுவிடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்து, இங்கே பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். குழாய் மாட்டவும் வெல்டிங் வைக்கவும் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். இது சொல்லித்தர ஆள் இல்லாத சங்கதி. நீங்கள் எல்லாரும் என் மகள் வயதுதான். ஆகவே ஒரு அப்பன் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பந்தலூருக்கும் சேரம்பாடிக்கும் நடுவில் இருக்கிற நம் கடைவீதியில் மூன்று சிலைகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு, தலைவர்களுடையவை. மூன்றாவது, பஸ் நிற்கிற முக்கில், துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிற சிப்பாய். பெயர் சிவலிங்கம். பீடத்தில் பெயர் வெட்டியிருந்தாலும் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. பட்டாளத்தார் என்றால்தான் தெரியும். "பட்டாளத்தார்கிட்ட எறங்கிக்கறேன்" என்றால் கண்டக்டர் விசில் அடிப்பார்.

அவர் நம் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீட்டுப் பையன், லயத்துப் பையன். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். பட்டாளத்தில் சேர்ந்து, வடக்கே பனிமலையில் நடந்த சண்டையில் உயிரை விட்டார். அந்தக் காலத்தில் நம் கடைவீதியில் ஏதாவது தகராறு என்றால், "நீங்க சிலோன்காரங்கதானே, வந்த வழியாப் போங்க" என்று சொல்கிற வாய் கொஞ்சம் இருந்தது. சிவலிங்கத்தின் உடல் தேசியக் கொடி போர்த்தி வந்த நாளோடு அந்த வாய் அடங்கியது. சிலை வைக்க வேண்டும் என்று லயத்து ஜனம்தான் முதலில் கேட்டது. அவர்களுக்கு அது வெறும் சிலை இல்லை. இந்த மண்ணில் அவர்களுக்கும் இடம் உண்டு என்று ஊர் நடுவில் ஊன்றிவைத்த சாட்சி. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சிலை வந்து இறங்கிய நாளில் நான் பிரிவுக்குப் புதிது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் சிமெண்டில் செய்து, வைக்கோல் சுற்றி லாரியில் கொண்டுவந்தார்கள். மூன்று கம்பத்தை முக்காலியாக நட்டு, பாரம் தூக்குகிற செயின் பிளாக் மாட்டி, பீடத்தின் மேல் தூக்கி வைக்க வேண்டும். எங்களில் ஒருவர் கயிற்றைச் சிலையின் கழுத்தில் போட்டு முடிச்சிட்டார். வேலை தெரிந்தவர்தான். கழுத்தில் போட்டால் கயிறு நழுவாது, பாரம் முழுதும் கீழே தொங்குவதால் சிலை நேராகவும் எழும்பும். சிமெண்ட் தூணாக இருந்தால் நானும் அப்படித்தான் கட்டியிருப்பேன்.

சங்கிலி இறுகத் தொடங்கியதும் எங்கள் பழைய மேஸ்திரி கையை நீட்டி நிறுத்தினார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். தன் பெயர் நாலு பேர் வாயில் அடிபடுவது அவருக்குப் பிடிக்காது. சத்தம் போடுகிற ஆளும் இல்லை.

"கயித்த அவுத்து அக்குளுக்கு அடியில போடுங்க. சாக்கு சுத்திப் போடுங்க" என்றார்.

"அங்க போட்டா வழுக்குமுங்க" என்றார் கட்டியவர்.

"வழுக்குனா இன்னும் ரெண்டு பேரு பிடிங்க. கயிறு எங்க நிக்குதுன்னு மட்டும் பார்க்கறயே, எதுக்கால யாரு நிக்கறாங்கன்னு பார்த்தயா?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தோம். டீக்கடை ஓரத்தில் லயத்து ஜனம் மொத்தமும் நின்றிருந்தது. முன்னால் ஒரு சின்னப் பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு. சிவலிங்கத்தின் சம்சாரம் மரகதம். தன் புருசன் கழுத்தில் கயிறு போட்டுத் தூக்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் முகத்தை மட்டும் தன் தோள் பக்கம் திருப்பிவைத்திருந்தாள்.

கயிற்றை மாற்றிக் கட்டினோம். கூடுதல் நேரம் ஆனது, கை உரிந்தது. அன்று மேஸ்திரி இன்னொன்றும் சொன்னார். பீடத்தில் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும், ஏணியைச் சிலையின் மேல் சாய்க்கக்கூடாது. சாமி என்பதற்காக இல்லை. கீழே நின்று பார்க்கிறவர்களில் அவருக்குச் சொந்தக்காரர் யாராவது இருப்பார்கள் என்பதற்காக.

இனி சாவிக்கு வருகிறேன்.

நம் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். கேரளத்திலிருந்து ஏறிவரும் மேகம் முதலில் நம் தலையில்தான் இறங்கும். சிமெண்ட் என்றும் பார்க்காது, பெயிண்ட் என்றும் பார்க்காது, எல்லாவற்றின் மேலும் பாசி பிடித்துவிடும். பட்டாளத்தார் மேற்குப் பக்கம் இடது கன்னத்தைக் காட்டி நிற்பவர். முதல் மழைக்காலம் முடிவதற்குள் அந்தக் கன்னம் பச்சையாகிவிட்டது.

ஞாயிறு நமக்குச் சந்தை நாள், எஸ்டேட்டுக்கு லீவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மரகதம் ஒரு சின்னக் கேனில் தண்ணீரும் கொஞ்சம் தேங்காய் நாரும் கொண்டுவந்தாள். செருப்பைக் கீழே விட்டுப் பீடத்தில் ஏறி, அவர் கன்னத்தைத் தேய்த்துத் துடைத்தாள். முந்தானையால் ஈரத்தை ஒற்றிவிட்டு இறங்கிச் சந்தைக்குப் போனாள். அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். அப்படியே வருசங்கள் போயின. இடுப்பில் இருந்த குழந்தை கேன் தூக்கி வருகிற சிறுமியானாள், பிறகு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். மரகதம் கொழுந்து பறித்துக்கொண்டு லயத்திலேயே இருந்தாள்.

கடைவீதிக்கு அது பழகிப்போனது. டீக்கடை மம்மது மழை நாளில் கேனுக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுப்பார்.

"ஏனுங்க, பட்டாளத்தாருக்கு ஷேவிங் முடிஞ்சுதா?" என்பார்.

"அவருக்காச்சும் வாரம் ஒருக்கா நடக்குது. ஒங்க மொகத்தக் கண்ணாடியில பாத்து எத்தன நாளாச்சு?" என்பாள் மரகதம். "ஒரு தேத்தண்ணி குடுங்க. சாயம் கூட."

தேநீரை அவள் தேத்தண்ணி என்றுதான் சொல்வாள். லயத்தில் பெரியவர்கள் சிலோனிலிருந்து கொண்டுவந்த பேச்சு அது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், சமவெளியில் எங்கோ ஒரு ஊரில் சிலையை உடைத்துக் கலவரமாகிவிட்டது. எங்கு பார்த்தாலும் அந்தப் பேச்சு. பஸ் இரண்டு நாள் சரியாக ஓடவில்லை. உடனே நம் அலுவலகத்துக்கு உத்தரவு வந்தது: ஊரில் உள்ள எல்லாச் சிலைகளுக்கும் இரும்புக் கூண்டு போட வேண்டும். வருகிற ஞாயிறு மதியத்துக்குள் முடிய வேண்டும், அன்று மாலை ஏதோ கட்சி ஊர்வலம்.

தலைவர் சிலைகள் இரண்டுக்கும் கூண்டு போட்டதில் ஒரு சிக்கலும் இல்லை. நானும் வெல்டர் காதரும் ஆங்கிள் இரும்பில் சட்டம் அடித்து, விரல் மட்டும் நுழைகிற நெருக்கமான வலைக் கம்பி வைத்து, மேலே தகடு போட்டோம். பின்பக்கம் ஒரு சின்னக் கதவு, பிறந்தநாளுக்கு மாலை போட. அதன் சாவி போலீஸ் ஸ்டேஷனில்.

பட்டாளத்தார் முறை வந்தபோது உதவிப் பொறியாளரிடம் கேட்டேன். அவர் என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனிதர்.

"ஏனுங்க சார், இந்த மனுசனுக்கு யாருங்க எதிரி இருக்காங்க?"

"எனக்குத் தெரியாதா அண்ணே?" என்றார். "ஆனா எல்லாச் சிலையும்னு போட்டிருக்கு. இது ஒண்ண விட்டு, ஊர்வலத்தன்னிக்குன்னு பார்த்து எவனாவது குடிச்சிட்டு ஒரு கல்ல விட்டான்னா, இத யாரு விட்டதுன்னு கேப்பாங்க. அந்தம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அதுவும் நியாயம்தான். மூன்றாவது கூண்டையும் அதே அளவில் அடித்தோம். எங்கள் தப்பு அங்கேதான் இருந்தது. இரண்டு கூண்டு அடித்த கை, மூன்றாவதை யோசிக்காமல் அடித்துவிட்டது. தலைவர் சிலைக்கு வருசத்தில் ஒரு நாள் ஆள் ஏறுவார்கள். இதற்கு வாரா வாரம் ஒருத்தி ஏறுகிறாள். அவ்வளவு வருசம் கண்ணெதிரே பார்த்தும், பட்டறையில் அளவு எடுக்கும்போது அது என் நினைவிலும் வரவில்லை, காதர் நினைவிலும் வரவில்லை, சாருக்கும் வரவில்லை. நாங்கள் சிலையைத்தான் அளந்தோம்.

ஞாயிறு காலை. மூடுபனி பஸ்ஸின் லைட்டை மட்டும் விட்டுவைத்திருந்தது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பொறியாளர் சார் ஓரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். மூன்று பக்கமும் வெல்டிங் முடிந்தது. முன்பக்கச் சட்டம் தரையில் கிடந்தது, அதைத் தூக்கி நிறுத்தி ஒட்டினால் வேலை முடிந்தது. அப்போது பனிக்குள்ளிருந்து மரகதம் வந்தாள். கையில் கேன், நார்.

நின்றாள். கூண்டைப் பார்த்தாள். வலைக் கம்பியில் விரலை விட்டுப் பார்த்தாள். இரண்டு விரல்தான் போனது.

"பிட்டரண்ணே" என்றாள். "அவரு என்ன தப்பு செஞ்சாரு?"

காதர் முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாதுகாப்புக்குங்கம்மா" என்றேன். "கீழ நாட்டுல கலாட்டா. எல்லாச் சிலைக்கும் போடச் சொல்லியிருக்காங்க."

"பூட்டிட்டா நான் எப்பிடித் தொடைக்கிறது?"

"பின்னாடி ஒரு கதவு இருக்குதுங்க. சாவி ஸ்டேஷன்ல இருக்கும்."

அதற்குள் சந்தைக்கு வந்த ஜனம் கூடத் தொடங்கிவிட்டது. முந்தின நாளே யாரோ போனில் சிலையை எடுக்கப்போகிறார்கள் என்று கிளப்பிவிட்டிருந்தார்கள். லயத்திலிருந்து ஆட்கள் வேகமாக இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவர் மரகதத்தின் அண்ணன் தங்கையா. எஸ்டேட் பேக்டரியில் வேலை, யாருக்கும் பயப்படாத வாய்.

"என்ன பிட்டரே, எங்க மச்சான ஜெயில்ல போட்டாச்சா?"

"அண்ணா, அப்பிடியெல்லாம் இல்லீங்க."

"எப்பிடியெல்லாம் இல்ல? கம்பி இருக்கு, பூட்டு இருக்கு, சாவி ஸ்டேஷன்ல. இனி என் தங்கச்சி ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம ஸ்டேஷனுக்குப் போயி, ஐயா, என் புருசனப் பாக்கணும்னு மனுக் குடுக்கணும். அதானே?"

பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

"கப்பல்ல வந்து எறங்குன அன்னிக்கி மண்டபம் கேம்ப்ல எங்களக் கம்பி வேலிக்குள்ள வெச்சீங்க" என்றார் தங்கையா. "அப்ப எனக்கு வெவரம் தெரியாத வயசு. இப்பத் தெரியுது. நாட்டுக்கு உசுரக் குடுத்தாலும் எங்களுக்குக் கம்பிதான். பிரிச்சு எறிங்கடா."

நாலைந்து பேர் சட்டத்தைப் பிடித்தார்கள். அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது. சப் இன்ஸ்பெக்டர் இறங்கினார். ஊருக்குப் புதிது, சமவெளியிலிருந்து ஊர்வலத்துக்காக அனுப்பியிருந்தார்கள். ராத்திரி முழுதும் தூங்காத கண்.

"யாரு கைய வைக்கிறது? அரசாங்க வேலையத் தடுத்தா என்னன்னு தெரியுமில்ல?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க எதுக்கு வேடிக்கை பாக்குறீங்க? அந்தப் பக்கத்த ஒட்டி முடிங்க. கூட்டத்த நான் பாத்துக்கறேன்."

கூட்டத்தை எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று தெரிந்தது. ஜீப்பிலிருந்து லத்தியோடு இறங்கிவிட்டார்கள். எதிரில் சந்தைக் கூடையோடு பெண்கள், பிள்ளைகள். காதர் கையில் வெல்டிங் கம்பி. நான் தலையை அசைத்தால் அவர் தொடங்கிவிடுவார். உத்தரவு எங்கள் பக்கம் இருந்தது. ஒட்டியிருந்தால் யாரும் எங்களைக் குறை சொல்லியிருக்க முடியாது.

நான் மரகதத்தைப் பார்த்தேன். அவள் டீக்கடை ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தாள், எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கம்பி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிற்றைக் கழுத்தில் போட்ட நாளில் நின்ற அதே இடம்.

போய் ஜெனரேட்டரை நிறுத்தினேன்.

அந்தச் சத்தம் நின்றதும் முக்கே அமைதியாகிவிட்டது. அதுவரை எல்லாரும் அதற்கு மேல் கத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"என்னாச்சு?" என்றார் எஸ்.ஐ.

"சூடாயிருச்சுங்க. ஆறணும். இல்லாட்டி எரிஞ்சுரும்."

அவர் ஜெனரேட்டரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பேசினால் வாயிலிருந்து புகை வருகிற அளவுக்குக் குளிர். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு டீ குடிக்கற நேரமுங்க."

மம்மது புரிந்துகொண்டு அந்தக் கணமே டீயை நீட்டினார். எஸ்.ஐ. வாங்கிக்கொண்டார். அவருக்கும் சூடாக எதையாவது கையில் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளே, உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். இரண்டு பக்கமும் ஆள் நின்று, கை வைத்தாலும் தப்பு, வைக்காவிட்டாலும் தப்பு என்று ஆகும். அப்போது உங்களிடம் பெரிய யோசனை இருக்க வேண்டியதில்லை. எனக்கும் அப்போது ஒரு யோசனையும் இல்லை. ஒட்டிவிட்டால் திரும்பப் பிரிப்பது கஷ்டம், அவ்வளவுதான் தோன்றியது. பிரிக்க முடியாத வேலையைக் கூட்டத்தின் நடுவில் செய்யாதீர்கள். ஒரு டீ குடிக்கிற நேரம் கிடைத்தால் யாராவது சரியாகப் பேசிவிடுவார்கள்.

அன்று பேசியவள் மரகதம்தான்.

"அண்ணே, நீ கைய எடு" என்றாள் தங்கையாவிடம்.

"நீ சும்மா இரு மரகதம். ஒனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாதா? நீ இன்னிக்கிப் பிரிச்சு எறிஞ்சிட்டுப் போயிருவ. நாளைக்கி எவனாச்சும் வந்து அவரு மூக்க ஒடச்சா, நீ வந்து ஒட்டுவியா?" கேனைக் கீழே வைத்தாள். "கூண்டு போடட்டும். வேணாங்கல. என் கை உள்ள போவணும். அவ்வளவுதான் நான் கேக்குறது."

எஸ்.ஐ. டீ கிளாசைப் பிடித்துக்கொண்டே கொஞ்சம் கிட்டே வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"அம்மா, நீங்க வருத்தப்படறது புரியுது. மகனப் பறிகொடுத்தவங்க. ஆனா சாவிய வெளியாள் கையில குடுத்தா, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"நாந்தான் பொறுப்பு."

"நீங்கன்னா எப்பிடி? ஒரு அரசாங்கப் பொறுப்புல இருக்கிறவங்க வேணும்."

"மகன் இல்லீங்க" என்றாள் மரகதம். "நான் அவரு பொஞ்சாதி."

எஸ்.ஐ. சிலையைப் பார்த்தார். மீசை இப்போதுதான் அடர்த்தியாகிற முகம். பிறகு அவளைப் பார்த்தார். வெயிலிலும் குளிரிலும் கொழுந்து பறித்துக் கறுத்த முகம், காதோரம் நரை.

"தப்பா நெனச்சிட்டேன்மா" என்றார்.

"ஒங்க மேல தப்பில்லீங்க. எல்லாரும் அப்பிடித்தான் கேக்குறாங்க. அவருக்கு வயசு நின்னுபோச்சு, எனக்கு ஓடிக்கிட்டிருக்கு." லேசாகச் சிரித்தாள். "உசுரோட இருந்தப்ப லீவுல வந்தா, இந்தக் கடைவீதியில என்னோட சேந்து நடக்க மாட்டாருங்க. வெக்கம். நாலடி முன்னால போவாரு. நான் புள்ளயத் தூக்கிக்கிட்டுப் பின்னால ஓடணும். இப்பத்தான் நின்னு மொகத்தக் காட்டுறாரு. வாரத்துல ஒரு நாளு. அதையும் பூட்டிட்டீங்கன்னா நான் எங்க போறது?"

மம்மது கடைக்குள் திரும்பிப் பாத்திரத்தைத் துலக்கத் தொடங்கினார். ஏற்கனவே துலக்கிய பாத்திரம்.

நம் பொறியாளர் சார் அதுவரை போனில் யார் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"அண்ணே, முன்பக்கத்த ஒட்டாம, கீல் வெச்சுக் கதவா மாட்ட முடியுமா? முழு ஆள் போற மாதிரி?"

"முடியுமுங்க. கீல் பட்டறையில இருக்குது. அரை மணி நேரத்துல மாட்டிரலாம்."

"படத்துல பின்னாடி கதவு. நான் முன்னாடின்னு மாத்தி எழுதிக் கையெழுத்துப் போடறேன்." எஸ்.ஐ. பக்கம் திரும்பினார். "சார், பூட்டுக்கு ரெண்டு சாவி வரும். ஒண்ணு உங்க ஸ்டேஷனுக்கு. இன்னொண்ணு இவங்களுக்கு. கேள்வி வந்தா நான் குடுத்தேன்னு சொல்லுங்க."

எஸ்.ஐ. காலி கிளாசை மம்மதுவிடம் கொடுத்தார். "மதியத்துக்குள்ள கதவு நிக்கணும்" என்றார் என்னிடம். ஜீப்பில் ஏறும் முன் ஒன்று செய்தார். பீடத்தின் எதிரே நின்று தொப்பியைச் சரிசெய்து சல்யூட் வைத்தார். யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை. தங்கையா அதுவரை சட்டத்தின் மேல் வைத்திருந்த கையை அப்போதுதான் எடுத்தார்.

எடுத்த கையால் அதே சட்டத்தைத் தூக்கிப் பிடித்தவரும் அவர்தான். காதர் கீலை ஒட்டி முடிக்கும்வரை இறக்கவில்லை. "நேராப் புடிங்கண்ணா, உங்க வாய் மாதிரி கோணலாப் போகுது" என்று காதர் கேலி பேச, "நீ ஒட்டுறத ஒழுங்கா ஒட்டு பாய், மழைக்கிப் பிச்சுக்கப் போவுது" என்று அவர் திருப்பிக் கொடுத்தார்.

கதவு மாட்டியதும் முதலில் உள்ளே போனவள் மரகதம். கேன் தண்ணீர் ஆறிப்போயிருந்தது. மம்மது வேறு வெந்நீர் கொண்டுவந்தார். துடைத்து முடித்து, வெளியே வந்து, பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் சாவி நம் ஆணிக்கு வந்திருக்காது.

கூண்டு போட்டதில் நாங்கள் நினைக்காத ஒன்று நடந்தது. மேல் தகடு வெயிலை மறைத்தது, வலைக் கம்பி பனியைப் பிடித்துவைத்துச் சொட்டு சொட்டாக உள்ளே விட்டது. பாசி முன்னைவிட வேகமாகப் பிடித்தது. கல்லெறிகிறவன் யாரும் வரவில்லை. பாசிதான் வந்தது. மரகதம் வேலை முடிந்து புதன்கிழமையும் வரத் தொடங்கினாள். தகட்டைக் கொஞ்சம் தூக்கி, காற்றுப் போக இடைவெளி வைத்துக் கொடுத்தேன். ஓரளவு குறைந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, அவள் நம் பிரிவுக்கு வந்தாள். கொழுந்துக் காட்டுச் சரிவில் விழுந்து முட்டி போய்விட்டது, கம்பு ஊன்றித்தான் நடந்தாள். மகள் திருப்பூருக்கே கூப்பிட்டுக்கொண்டாள். லயத்து வீட்டை ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள்.

முந்தானையை அவிழ்த்துச் சாவியை என் மேசையில் வைத்தாள். சாவி தொலையாமல் இருக்க மகள் கட்டிவிட்ட பச்சை நூல் அதில் இருந்தது.

"தங்கையாண்ணன்கிட்டக் குடுக்கலாமுங்களே" என்றேன்.

"அவரு மறந்துருவாரு. கோவம் வந்தா மட்டுந்தான் அவருக்கு மச்சான் நெனப்பு வரும்." பிறகு சொன்னாள்: "நீங்க அன்னிக்கி மிசின நிப்பாட்டுனீங்க. அதான் இங்க கொண்டாந்தேன். ஸ்டேஷன் சாவி எங்க இருக்கோ. இது இங்க இருக்கட்டும்."

அடுத்த நாள் ஞாயிறு. நாரும் கேனும் எடுத்துக்கொண்டு நானே போனேன். செருப்பைக் கழற்றி, கதவைத் திறந்து, பீடத்தில் ஏறினேன். எத்தனையோ முறை சிலைகளுக்குப் பெயிண்ட் அடித்தவன், அவர் முகத்துக்கு நேரே கையைக் கொண்டுபோனதும் தயங்கிவிட்டேன். இன்னொருத்தி துடைத்து வந்த முகம். கூசியது. கீழே மம்மது குரல் கொடுத்தார்: "ஏனுங்க, பட்டாளத்தாருக்கு பார்பர் மாறிட்டாருங்களா?" சந்தைக்குப் போகிறவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கை தானாக நகர்ந்தது.

எனக்குப் பிறகு காதர் செய்தார். இந்த மாதம் காதரும் ஓய்வு பெறுகிறார். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். இது உங்கள் வேலைப் பட்டியலில் எங்கும் கிடையாது. யாரும் கேட்க மாட்டார்கள். செய்யாவிட்டால் யாரும் மெமோ கொடுக்கவும் மாட்டார்கள்.

மழை தொடங்கப்போகிறது. முறை வைத்துக்கொள்வீர்களோ, எப்படியோ, ஞாயிற்றுக்கிழமை ஒருவர் போங்கள். தேங்காய் நார் போதும், கம்பி பிரஷ்ஷை அவர் கிட்டே கொண்டுபோகாதீர்கள், பெயிண்ட் உரிந்துவிடும். வெந்நீர் மம்மதுவின் மகன் கொடுப்பான். முதலில் இடது கன்னம். மூக்கின் ஓரத்தில் மெல்லிய வெடிப்பு ஒன்று இருக்கிறது, அங்கே அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். இது அந்தம்மா எனக்குச் சொன்னது.

மகளே, உனக்கு ஒன்று தனியாக. பொங்கல் லீவுக்கு அந்தம்மா திருப்பூரிலிருந்து வருவார்கள். கம்பு ஊன்றி நேரே பஸ்ஸிலிருந்து நம் பிரிவுக்குத்தான் வருவார்கள். எதற்கு என்று கேட்காதே. கடைசி ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடு. கூடப் போய்க் கதவை மட்டும் திறந்து பிடி. பிறகு நாலடி தள்ளி வந்து, மம்மது கடையில் நின்று ஒரு டீ குடி.